ஜர்னலுக்கு ரெஃபரன்ஸ் போடுவது எப்படி: செட்டிநாட்டு ஆய்வாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் ஆய்வு செய்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) பேட்டரி, துருப்பிடித்தல் என்று லேப் வேலை பார்ப்பவர்கள் ஒரு பக்கம். நகரத்தார் வீடு, கோயில், வணிகம், ஆத்தங்குடி டைல்ஸ், கண்டாங்கிச் சேலை என்று ஊரைப் பற்றியே எழுதுகிறவர்கள் இன்னொரு பக்கம். முதல் வகைக்காரர்களின் சந்தேகங்களுக்கு ஸ்டைல் புத்தகத்திலேயே பெரும்பாலும் விடை இருக்கும். ஊரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு அப்படிக் கிடைப்பதில்லை. கல்வெட்டும் பேரேடும் யுவ வருஷத்து நோட்டீசும் அமெரிக்காவில் எழுதிய கையேட்டில் எங்கே வரப்போகிறது? அதனால் இந்தப் பக்கத்தில் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறேன்.

ரெஃபரன்ஸ் ஸ்டைலில் ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ, வான்கூவர் என்கிறார்களே, நான் எதைப் பின்பற்றுவது?

உங்கள் ஜர்னல் எதைச் சொல்கிறதோ அதை. உங்கள் கைடுக்குப் பிடித்தது, போன கட்டுரையில் போட்டது, பக்கத்து சீட்டு ஸ்காலர் சொன்னது எதுவும் கணக்கில் வராது. ஜர்னலின் இணையதளத்தில் ஆசிரியர்களுக்கான வழிமுறை என்று ஒரு பக்கம் இருக்கும். அதை முழுசாகப் படித்துவிட்டு, அப்புறம் அதே ஜர்னலில் கடைசியாக வந்த இதழிலிருந்து இரண்டு கட்டுரைகளை இறக்கி, அவற்றின் ரெஃபரன்ஸ் பட்டியலைப் பாருங்கள். வழிமுறையில் எழுதியிருப்பதும் அச்சில் வந்திருப்பதும் சில இடங்களில் வேறுபடும், அப்படி இருந்தால் அச்சில் வந்ததை நம்பலாம்.

பொதுவாக உளவியல், கல்வியியல், மேலாண்மை என்றால் ஏபிஏ. இலக்கியம் என்றால் எம்எல்ஏ. வரலாறு என்றால் சிகாகோ அடிக்குறிப்பு. மருத்துவம் என்றால் வான்கூவர், அதாவது 1978இல் கனடாவின் வான்கூவர் நகரத்தில் மருத்துவ இதழ் ஆசிரியர்கள் கூடிப் பேசி முடிவு செய்ததிலிருந்து வளர்ந்த எண் முறை. மின்னணுவியல், கணினி என்றால் சதுர அடைப்புக்குள் எண் போடும் ஐஇஇஇ. வேதியியல் ஜர்னல்களுக்கு அவரவர் சொந்த முறை உண்டு.

எந்தப் பதிப்பு என்பதையும் கவனியுங்கள். ஏபிஏவில் இப்போது நடப்பது 2019 கடைசியில் வந்த ஏழாம் பதிப்பு, எம்எல்ஏவில் 2021இன் ஒன்பதாம் பதிப்பு, சிகாகோவில் 2024இன் பதினெட்டாம் பதிப்பு. சீனியர் கொடுத்த பழைய பிடிஎஃப்பைப் பார்த்துப் போட்டால் பாதி விதி மாறியிருக்கும்.

ஒரே புத்தகத்தை எல்லா ஸ்டைலிலும் போட்டுக் காட்ட முடியுமா?

காட்டலாம். நகரத்தார் வணிகம் பற்றி எழுதுகிற எல்லோரும் ஒருமுறையாவது எடுக்கிற புத்தகம், டேவிட் வெஸ்ட் ரட்னர் 1994இல் எழுதியது. வாசிக்க எளிதாக இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், உங்கள் கட்டுரையில் அந்தந்த மொழியிலேயே போடுங்கள்.

ஏபிஏ: ரட்னர், டி. டபிள்யூ. (1994). காஸ்ட் அண்ட் கேப்பிட்டலிசம் இன் கலோனியல் இந்தியா: த நாட்டுக்கோட்டை செட்டியார்ஸ். யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா பிரஸ்.

எம்எல்ஏ: ரட்னர், டேவிட் வெஸ்ட். காஸ்ட் அண்ட் கேப்பிட்டலிசம் இன் கலோனியல் இந்தியா: த நாட்டுக்கோட்டை செட்டியார்ஸ். யு ஆஃப் கலிஃபோர்னியா பி, 1994.

சிகாகோ அடிக்குறிப்பு: டேவிட் வெஸ்ட் ரட்னர், காஸ்ட் அண்ட் கேப்பிட்டலிசம் இன் கலோனியல் இந்தியா: த நாட்டுக்கோட்டை செட்டியார்ஸ் (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா பிரஸ், 1994), பக்க எண்.

வான்கூவர்: ரட்னர் டிடபிள்யூ. காஸ்ட் அண்ட் கேப்பிட்டலிசம் இன் கலோனியல் இந்தியா: த நாட்டுக்கோட்டை செட்டியார்ஸ். பெர்க்லி: யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா பிரஸ்; 1994.

நான்கிலும் ஆள், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு என்று சரக்கு ஒன்றுதான். ஆண்டு எங்கே உட்காருகிறது, பெயர் முழுசா சுருக்கமா, ஊர் உண்டா இல்லையா என்பதில்தான் மாற்றம். பதிப்பித்த ஊரை ஏபிஏ ஏழாம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள், சிகாகோவின் புதிய பதிப்பும் 1900க்குப் பிந்தைய நூல்களுக்கு அது வேண்டாம் என்கிறது. முதல் மூன்றில் புத்தகத் தலைப்பு சாய்வெழுத்தில் வரும், வான்கூவரில் பொதுவாக நேரெழுத்து.

கட்டுரைக்கு உள்ளே எப்படிக் குறிப்பது?

ஏபிஏவில் பெயரும் ஆண்டும்: (ரட்னர், 1994). வரியை அப்படியே எடுத்தால் பக்க எண்ணும் சேரும். இரண்டு ஆசிரியர்கள் என்றால் இரண்டு பேரையும், மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் முதல் இடத்திலிருந்தே முதல் ஆள் பெயரும் "மற்றும் பிறர்" என்பதும் போதும். ஆறாம் பதிப்பில் ஐந்து பேர் வரை முதல்முறை எல்லோரையும் எழுத வேண்டியிருந்தது, இன்னும் பலர் அதையே செய்கிறார்கள். பட்டியலில் மட்டும் இருபது பேர் வரை எல்லாப் பெயரும் வர வேண்டும்.

எம்எல்ஏவில் ஆண்டு வராது, பெயரும் பக்கமும்தான். வான்கூவரிலும் ஐஇஇஇயிலும் கட்டுரையில் முதலில் வருவது 1, அடுத்தது 2, அதே மூலம் மறுபடி வந்தால் பழைய எண்ணே வரும், புது எண் கிடையாது.

ஒரு பத்தி முழுக்க ஒருவர் சொன்னதை எழுதிவிட்டுக் கடைசி வரியில் மட்டும் அடைப்புக்குறி போடுவது நம் பக்கத்தில் பரவலாக இருக்கும் பழக்கம். படிக்கிறவருக்கு எது அவருடையது, எது உங்களுடையது என்று தெரியாது. முதல் வாக்கியத்திலேயே "ரட்னர் (1994) சொல்வது" என்று பெயரைக் கொண்டுவந்துவிடுங்கள்.

நம் ஊர்ப் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லையே, இனிஷியலை எப்படிப் போடுவது?

எல்லோரையும் விட நகரத்தார் பெயர்களில்தான் இந்தச் சிக்கல் அதிகம், ஏனென்றால் இனிஷியல் ஓர் எழுத்தில் நிற்காது. அழகப்பச் செட்டியார் "ஆர்எம்." அழகப்பச் செட்டியார்தான், வெறும் "ஆர்." இல்லை. மேலைச்சிவபுரி வ. சுப. மாணிக்கம் ஆங்கிலத்தில் எழுதியபோது "வி. எஸ்பி. மாணிக்கம்" என்றே அச்சானது. இதை ஜர்னல்காரர்கள் "வி. எஸ்." என்று திருத்தினால் நூலகப் பட்டியலில் தேடுகிறவருக்கு ஆள் கிடைக்கமாட்டார், அல்லது வேறொரு மாணிக்கம் கிடைப்பார். அதனால் "சுப.", "ராம.", "சித.", "எஸ்பி.", "ஆர்எம்." எல்லாவற்றையும் தலைப்புப் பக்கத்தில் இருக்கிறபடியே விடுங்கள். புரூஃபில் யாராவது மாற்றியிருந்தால் திரும்ப எழுதிக் கேளுங்கள், நியாயமான கோரிக்கைதான், பெரும்பாலும் ஏற்பார்கள்.

வரிசைக்கு, சொந்தப் பெயரை முன்னால் போட்டு இனிஷியலைப் பின்னால் தள்ளுங்கள்: மாணிக்கம், வ. சுப. என்று. ஆங்கில ஜர்னலில் படிவம் நிரப்பும்போது குடும்பப் பெயர்க் கட்டத்தில் மாணிக்கம், முன்பெயர்க் கட்டத்தில் வ. சுப. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டால் மேற்கோள் எல்லாம் அப்பா பேரில் போய்ச் சேரும்.

"செட்டியார்", "ஐயர்" போன்றவை தலைப்புப் பக்கத்தில் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அதை வைத்து வரிசைப்படுத்த வேண்டாம். சாமிநாதையர், உ. வே. என்பது சரி. "ஐயர், யு. வி. எஸ்." என்று போட்டால் தமிழ் வாசகர் யாரும் ஐ வரிசையில் போய்த் தேடமாட்டார்.

ஒரே ஆள் இரண்டு பெயரில் எழுதியிருந்தால்? நெற்குப்பைக்காரர் தமிழண்ணல் நல்ல உதாரணம், அவர் இயற்பெயர் இராம. பெரியகருப்பன். எந்த நூலில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அந்தப் பெயரில் பதிவு செய்து, சதுர அடைப்பில் மற்றப் பெயரைக் கொடுங்கள். இரண்டையும் ஒரே பெயருக்கு நீங்களாக மாற்றிவிடக் கூடாது.

இனி எழுதப்போகிறவர்கள் இப்போதே ஒரு பெயர் வடிவத்தை முடிவு செய்து எல்லாக் கட்டுரையிலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஓர்கிட் எண் (ஆய்வாளர்களுக்கான அடையாள எண்) ஒன்றும் வாங்கிவிடுங்கள், இலவசம்தான். இனிஷியல் இடம் மாறினாலும் அந்த எண் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆங்கில ஜர்னலில் தமிழ்ப் புத்தகத்தைக் குறிப்பது எப்படி?

தலைப்பை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, அதற்குப் பக்கத்தில் சதுர அடைப்பில் ஆங்கிலப் பொருளைக் கொடுப்பது வழக்கம். ஒலிபெயர்ப்புக்கு ஒரே முறையைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் முறை பரவலானது, பெரிய நூலகப் பட்டியல்களும் ஏறக்குறைய அதையே பின்பற்றுவதால் தேடினால் கிடைக்கும். நெடிலுக்கு மேலே கோடு, ழகர ளகரத்துக்குக் கீழே குறி என்று முதலில் கண்ணைக் கட்டும், இரண்டு நாளில் கை பழகிவிடும்.

ஒரு கட்டுரையில் ஊர்ப் பெயரை வாக்கியத்துக்குள் வழக்கமான ஆங்கில எழுத்திலும், நூல் தலைப்பில் வரும்போது லெக்சிகன் முறையிலும் எழுதுவது தவறில்லை. அதை முதல் குறிப்பிலேயே சொல்லிவிட்டால் போதும்.

பதிப்பித்த ஊர் "மெட்ராஸ்" என்று அச்சாகியிருந்தால் மெட்ராஸ்தான், சென்னை என்று திருத்தக் கூடாது, பெயர் மாறியதே 1996இல்தான். மாவட்டமும் அப்படித்தான். காரைக்குடி 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம், அதன் பிறகு பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம், 1997இலிருந்து சிவகங்கை. பழைய கெசட்டியரையோ மக்கள்தொகைக் கையேட்டையோ எடுத்தால் அதன் அட்டையில் இருக்கும் மாவட்டப் பெயரையே போடுங்கள். சிவகங்கை என்று தேடிப்போகிறவருக்கு 1981 கையேடு கையில் சிக்காது.

யுவ வருஷம் தை மாதம் என்று மட்டும் இருக்கிற நோட்டீசுக்கு ஆண்டு என்ன போடுவது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. கோயில் குடமுழுக்கு நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பழைய அச்சுப் புத்தகம் என்று செட்டிநாட்டு வீட்டு அலமாரியில் இருக்கிற பாதிக் காகிதம் இப்படித்தான் தேதி சொல்லும். அறுபது வருடச் சுற்றில் யுவ என்பது சித்திரையில் தொடங்கும் 1935ஆம் ஆண்டு. ஆனால் தை மாதம் என்றால் அது ஜனவரி நடுவில் பிறப்பது, ஆக யுவ தை என்பது 1936. இதைக் கவனிக்காமல் 1935 என்று போட்ட கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. மார்கழி நடுவிலிருந்து பங்குனி முடிய ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆபத்து, அறுபது வருடத்துக்கு முன்னாலும் ஒரு யுவ உண்டு, 1875இல். எந்தச் சுற்று என்று காகிதத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அச்சகத்தின் பெயர், அதில் வருகிற ஆட்கள், ரயில் வழி சொல்லியிருக்கிறார்களா, கலியுக ஆண்டோ சகாப்தமோ பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சகாப்தம் இருந்தால் 78ஐக் கூட்டுங்கள், தை பங்குனிப் பக்கம் என்றால் 79. திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31ஐக் கழியுங்கள், 2055 என்பது 2024.

பட்டியலில் ஆங்கில ஆண்டை முதலில் வைத்து, மூலத்தில் இருப்பதைச் சதுர அடைப்பில் அப்படியே கொடுங்கள்: 1936 [யுவ, தை]. நீங்கள் கணக்குப் போட்டது தவறென்றால் அடுத்த ஆள் சரிபார்த்துக்கொள்வார். சுற்று உறுதியாகத் தெரியாவிட்டால் ஆண்டு இல்லை என்று போட்டுவிட்டு, இரண்டு சாத்தியத்தையும் அடிக்குறிப்பில் எழுதுங்கள்.

கல்வெட்டை எப்படி மேற்கோள் காட்டுவது?

"பிள்ளையார்பட்டிக் கல்வெட்டு சொல்கிறது" என்று எழுதினால் அது மேற்கோள் ஆகாது. அங்கே கல்வெட்டு ஒன்றா இரண்டா? தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கையில் படியெடுத்த ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஒரு எண் உண்டு, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு எண் ஒன்றிலிருந்து தொடங்கும், அதனால் எண்ணும் ஆண்டும் சேர்ந்துதான் வர வேண்டும். முழுப் பாடமும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் வந்திருந்தால் தொகுதி எண், கல்வெட்டு எண், தேவைப்பட்டால் வரி எண் கொடுங்கள். செட்டிநாட்டின் ஒரு பகுதி பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்ததால் அந்தப் பக்கத்துக் கல்வெட்டுகளுக்கு 1929இல் வந்த சமஸ்தானத் தொகுப்பையும் பார்க்க வேண்டும்.

நேரில் போய்ப் படித்தீர்கள் என்றால் கோயில், மண்டபத்தின் எந்தச் சுவர், எந்தத் திசை, படித்த தேதி எல்லாம் எழுதுங்கள். திருப்பணியில் சுண்ணாம்பு அடித்துவிட்டால் உங்கள் குறிப்புதான் மிச்சம்.

வீட்டில் இருக்கிற ஓலை, பேரேடு, முறைச்சிட்டை எல்லாம் ரெஃபரன்ஸ் ஆகுமா?

ஆகும். நூலகத்தில் இருக்கிற கையெழுத்துப் படிக்கு என்ன மரியாதையோ அதேதான் இதற்கும். ஆவணத்தின் வகை (நகரத்தார் கல்யாணப் பதிவான இசைகுடிமானம், பேரேடு, ஐந்தொகை, கடிதம்), தேதி, எழுதிய இடம், இப்போது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் என்ற வரிசையில் போடுங்கள். உதாரணமாக, ஒரு இசைகுடிமானம் என்றால்: இசைகுடிமான ஓலை, 1936 [யுவ, தை], தனியார் குடும்பச் சேகரிப்பு, கானாடுகாத்தான், பார்த்த தேதி. குடும்பத்தின் பெயரைப் போடலாமா என்று அவர்களிடம் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கொடுக்கல் வாங்கல் கணக்கு, சீர் விவரம் எல்லாம் இன்னும் உயிரோடு இருக்கிறவர்களைத் தொடுகிற சங்கதி. ஊர் பெயர் மட்டும் போதும் என்று அவர்கள் சொன்னால் ஊர் பெயர் மட்டும்தான்.

மொத்தமாக ஒரே சேகரிப்பிலிருந்து பல ஆவணம் எடுத்தால் நீங்களே அ1, அ2 என்று எண் கொடுத்து, அந்த எண் உங்களுடையது என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரருக்கும் அந்தப் பட்டியலில் ஒரு படி கொடுத்துவிடுங்கள்.

சேகரிப்பு இடம் மாறியிருக்கலாம் என்பதையும் பாருங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் புத்தகங்கள் 1994இலிருந்து சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன, பழைய கட்டுரையில் கோட்டையூர் என்று இருப்பதைப் பார்த்து நீங்களும் கோட்டையூர் என்று போட்டால் படிக்கிறவர் பஸ் ஏறி வந்து ஏமாந்து போவார்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிறவரிடம் பேசினேன், ஆச்சி ஒருவரிடம் சமையல் முறை கேட்டேன். இவை பட்டியலில் வருமா?

ஏபிஏவில் வராது. வாசகர் போய்ப் பார்க்க முடியாத உரையாடல் என்பதால் கட்டுரைக்குள் மட்டும் ஆள், நேரடி உரையாடல், தேதி என்று வரும். அது ஆய்வின் தரவாகவே எடுத்த நேர்காணல் என்றால் அதுவும் வேண்டாம். ஆய்வு முறை பகுதியில் எத்தனை பேரிடம், எப்போது, எந்த ஊரில் பேசினீர்கள் என்று சொல்லிவிட்டு, "பங்கேற்பாளர் 4" என்பது போல எழுதிக்கொண்டு போகலாம். சிகாகோவில் அடிக்குறிப்பாகப் போடலாம்.

ஆனால் ஒன்று. கண்ணாடிப் பலகையின் மேல் சட்டத்தை வைத்து, நிறக் கலவையைக் கையாலேயே ஊற்றி, சிமெண்ட்டைப் பரப்பி எடுக்கிறவர் சொன்ன நுணுக்கத்தை அவர் பெயர் இல்லாமல் உங்கள் கண்டுபிடிப்பு போல எழுதக் கூடாது. பெயர் போடலாமா என்று கேளுங்கள். போடச் சொன்னால் போடுங்கள், நன்றியுரையிலும் போடுங்கள். புத்தகம் எழுதியவருக்கு ஒரு வரி கொடுக்கிற நாம் இவருக்கும் கொடுக்க வேண்டும்.

சங்கப் பாடலுக்குப் பக்க எண்ணா, பாட்டு எண்ணா?

பாட்டு எண், வரி எண். பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும், பாட்டு எண் மாறாது. புறநானூறு 192: 1 என்றால் யார் கையில் எந்தப் பதிப்பு இருந்தாலும் கணியன் பூங்குன்றனாரின் வரிக்குப் போய்விடலாம் (அவர் ஊர் நம் மகிபாலன்பட்டிதான் என்று சொல்வார்கள்). பட்டியலில் நீங்கள் பயன்படுத்திய பதிப்பைக் கொடுங்கள். சாமிநாதையர் 1894இல் பதிப்பித்ததன் மறுஅச்சு உங்கள் கையில் இருந்தால் முதல் ஆண்டு, சாய்கோடு, மறுஅச்சு ஆண்டு. உரையை மேற்கோள் காட்டினால் மட்டும் உரையாசிரியர் பெயரும் பக்கமும் வேண்டும்.

டிஓஐ கட்டாயமா?

இருந்தால் கட்டாயம். ஒவ்வொரு கட்டுரைக்கும் கொடுக்கிற நிரந்தர அடையாள எண் அது, 10 என்று தொடங்கி நடுவில் ஒரு சாய்கோடு வரும். டிஓஐ.ஓஆர்ஜி முகவரியோடு முழு இணைப்பாகக் கொடுங்கள், ஏபிஏவில் அதற்குப் பின்னால் முற்றுப்புள்ளி வராது. ஒவ்வொன்றையும் கிளிக் செய்து சரியான கட்டுரைதான் திறக்கிறதா பாருங்கள். பழைய தமிழ் இதழ்களுக்கு டிஓஐ இருக்காது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

ஜர்னல் பெயரைச் சுருக்கச் சொல்கிறார்கள், எப்படிச் சுருக்குவது?

சொந்தமாகச் சுருக்காதீர்கள். ஐஎஸ்ஓ 4 என்ற தரநிலையின்படி எந்தச் சொல்லுக்கு எந்தச் சுருக்கம் என்று பட்டியலே இருக்கிறது. சிக்ரிக்காரர்களுக்குப் பழக்கமான எலக்ட்ரோகிமிகா ஆக்டா என்பதில் முதல் சொல் மட்டும்தான் "எலக்ட்ரோகிம்." ஆகும். ஒரே சொல்லில் பெயர் கொண்ட நேச்சர் போன்றவற்றைச் சுருக்கவே கூடாது. ஆன்லைனில் மட்டும் வருகிற பல ஜர்னல்களில் பக்க எண் இருக்காது, கட்டுரை எண்தான். அந்த இடத்தைக் காலியாக விடாமல் கட்டுரை எண்ணைப் போடுங்கள்.

ஜோடெரோ, மெண்டலி, எண்ட்நோட்: எது நல்லது?

மூன்றும் ரெஃபரன்ஸைச் சேர்த்து வைத்து அடுக்கித் தரும் மென்பொருள்கள். காசு செலவழிக்க வேண்டாம், ஜோடெரோ போதும். 2006இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, ஜர்னல் மாறினால் ஸ்டைலை ஒரு கிளிக்கில் மாற்றலாம், வாபஸ் பெறப்பட்ட கட்டுரை உங்கள் சேகரிப்பில் இருந்தால் எச்சரிக்கையும் காட்டும். எண்பது ரெஃபரன்ஸைக் கையால் எண் மாற்றிக்கொண்டு ராத்திரி உட்கார்ந்திருப்பது தேவையில்லாத வேலை.

ஆனால் அது கமாவையும் புள்ளியையும்தான் பார்த்துக்கொள்ளும். இணையத்திலிருந்து இழுத்த தகவலில் தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும், ஆசிரியர் பெயர் தலைகீழாக இருக்கும், தமிழ்ப் பெயரில் இனிஷியல் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். சேர்க்கும்போதே மூல பிடிஎஃப்பின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகத் திருத்துங்கள். சில நேரம் "சுப." என்பதை அது "சு." என்று வெட்டிவிடும், அப்போது பெயரை ஒரே கட்டமாக மாற்றிப் போட்டால் விட்டுவிடும்.

தமிழ்ப் பட்டியலை வேர்டில் அகர வரிசைப்படுத்தினால் குழம்புகிறதே?

முதலில், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் மென்பொருளுக்கு அது தமிழே இல்லை.

யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. குறியீட்டு வரிசையில் னகரம் நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, றகரம் ரகரத்துக்குப் பக்கத்தில், ஜகரம் சகரத்தை ஒட்டி. நம் அகராதி வரிசையில் னகரம் கடைசி. அதனால் வெறும் குறியீட்டு வரிசையில் அடுக்கினால் கனகசபை முன்னால் வந்து கபிலன் பின்னால் போய்விடுவார், சரியான வரிசையில் கபிலன், கருப்பையா, கவிதா எல்லாம் முடிந்த பிறகுதான் கனகசபை. கடைசியில் ஒருமுறை கண்ணால் பார்த்துக் கையால் மாற்றத்தான் வேண்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்த பட்டியலுக்குத் தமிழ் நூல்கள் முதலில், ஆங்கிலம் அடுத்து என்று பிரிப்பது தமிழ் ஜர்னல்களில் வழக்கம். ஒரே ஆசிரியருக்கு ஒரே ஆண்டில் இரண்டு வந்தால் 2019அ, 2019ஆ.

சாட்ஜிபிடியிடம் ரெஃபரன்ஸ் கேட்கலாமா?

ரெஃபரன்ஸைத் தேடித் தரச் சொல்லி, அதைப் பார்க்காமல் ஒட்டக் கூடாது. உண்மையான ஆசிரியர், உண்மையான ஜர்னல், எழுதப்படாத கட்டுரை என்று அழகாகக் கோத்துத் தந்துவிடும். 2023இல் நியூயார்க்கில் இப்படி இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. நீங்கள் திறந்து படிக்காத எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது, அது யார் தந்த பட்டியலாக இருந்தாலும் சரி.

மூல நூல் கிடைக்கவில்லை, இன்னொருவர் அதை எடுத்துக்காட்டியதைத்தான் பார்த்தேன். என்ன செய்வது?

பார்த்ததை மட்டும் பட்டியலில் போடுங்கள். உள்ளே இப்படி எழுதலாம்: தர்ஸ்டன் 1909இல் சொன்னது, இன்னார் எடுத்துக்காட்டியபடி. ஆனால் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பத்து நிமிடம் தேடினால் மூலத்தையே பார்த்துவிடலாம். பார்த்தால், இடையில் இருந்தவர் ஒரு வரியை விட்டுவிட்டது கூடத் தெரியவரும்.

ரெஃபரன்ஸ் பட்டியலும் கருத்துத் திருட்டு (பிளேஜியரிசம்) சதவீதத்தில் சேருமா?

யுஜிசியின் 2018 விதிப்படி சேராது. மூலம் குறிப்பிட்டு மேற்கோள் குறிக்குள் எடுத்ததும் சேராது. பத்து சதவீதம் வரையிலான ஒற்றுமைக்கு நடவடிக்கை இல்லை. ஆனால் மென்பொருளை இயக்குகிறவர் பட்டியலை நீக்கும் பெட்டியில் டிக் செய்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிவ்யூவர் தன் கட்டுரைகளையே சேர்க்கச் சொல்கிறார். சேர்க்க வேண்டுமா?

படித்துப் பாருங்கள். பொருத்தமானதைச் சேருங்கள். பொருந்தாததை ஏன் சேர்க்கவில்லை என்று பதில் கடிதத்தில் மரியாதையாக ஒரு வரி எழுதுங்கள், முடிவு எடுப்பவர் எடிட்டர்தான்.

அனுப்புவதற்கு முன் கடைசியாக எதைப் பார்ப்பது?

பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள், திரையில் இந்த வேலை சரிப்படாது. ஒருவர் கட்டுரையை வாசித்து ஒவ்வொரு அடைப்புக்குறியையும் சொல்ல, இன்னொருவர் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே வர வேண்டும். டிக் இல்லாமல் நிற்பது பட்டியலில் இருந்து போக வேண்டியது, பட்டியலில் கிடைக்காதது சேர வேண்டியது. ஆண்டு, பெயர் எழுத்து இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்பதும் இதே சுற்றில் தெரிந்துவிடும்.

முதல் சமர்ப்பிப்புக்கு எந்த ஸ்டைலும் பரவாயில்லை, ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று சொல்கிற ஜர்னல்களும் உண்டு. அங்கே கமா பற்றிய கவலையைத் தள்ளிவைத்து, பெயர், ஆண்டு, டிஓஐ சரிபார்ப்பில் அந்த நேரத்தைச் செலவிடுங்கள்.

புரூஃப் வந்த பிறகு புதிதாக ஒரு ரெஃபரன்ஸ் சேர்க்கலாமா?

பெயர்-ஆண்டு முறை என்றால் எடிட்டரிடம் கேட்டுச் சேர்க்கலாம். எண் முறை என்றால் நடுவில் ஒன்றைச் செருகினால் பின்னால் இருக்கிற எல்லா எண்ணும் நகரும், அச்சுக்கோப்பவர் ஒன்றைத் தவறவிட்டாலும் மற்றதெல்லாம் தப்பாகும். அப்படி அவசியம் என்றால் கட்டுரையின் கடைசிப் பகுதியில், கடைசி எண்ணாக வருகிற மாதிரி ஒரு இடம் பார்த்துச் சேர்க்கச் சொல்லுங்கள்.